ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிய ஏகாம்பரம்

எனக்குப் பிறகு ஏகாம்பரத்துக்குக் குரல் கொடுக்க வந்திருக்கும் தம்பி போன மாதம் போன் செய்தார். "சார், இருபத்திரண்டு வருஷத்துல நீங்க பேசினதுலயே கஷ்டமான டயலாக் எது?" என்று கேட்டார். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். மூச்சு விடாமல் பேச வேண்டிய நீள வசனம் ஒன்றை நான் ஒப்பிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். அந்த வசனம் ரொம்பச் சின்னது. ஸ்டூடியோவில் பேசியதும் இல்லை. கண்டமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இரண்டே பேர் அதைக் கேட்டார்கள். அந்தத் தம்பியிடம் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியதாஸ். பிறந்தது கிளியனூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியவர்கள். நான் பத்தாவது முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆட்டோவில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஜவுளிக்கடைத் தள்ளுபடியிலிருந்து காணாமல் போன மாடு வரை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவதுதான் வேலை. ஒருநாள் திண்டிவனம் ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றிருந்தபோது பின்னால் நின்ற காரிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்து, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். "மாடு காணலன்றதை இவ்ளோ வருத்தமா சொல்றீங்களே, உங்க மாடா?" என்றார். "இல்லீங்க" என்றேன். சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவின் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர்தான் கோமதி மேடம்.

அடுத்த மூன்று வருஷம் கூட்டத்தில் ஒருவனாகக் கத்தினேன். போலீஸ்காரன், பால்காரன், செத்து விழுகிறவன் எல்லாம் பேசினேன். பாண்டிச்சேரியிலிருந்து வரும் காலை ரயிலைத் திண்டிவனத்தில் பிடித்துப் போய், சாயங்கால ரயிலில் திரும்பி வந்தேன். பிறகு அந்தத் தொடர் வந்தது.

வெளிநாட்டுக் கார்ட்டூன் அது. சின்னப் பிள்ளைகளுக்கானது போல இருக்கும், ஆனால் இல்லை. ஒரு ஊர், ஒரு குடும்பம், ஒரு சோம்பேறி அப்பா, சலிக்காத அம்மா, பத்து வயசுப் பையன், ஆறு வயசுப் பெண். வாரத்துக்கு ஒரு கதை. எது உடைந்தாலும் எது எரிந்தாலும் அடுத்த வாரம் எல்லாம் பழையபடி இருக்கும். யாருக்கும் வயசு ஏறாது. அந்த நாட்டில் அது ஏற்கெனவே பல வருஷம் ஓடியிருந்தது. தமிழில் அப்பாவுக்கு ஏகாம்பரம் என்று பெயர் வைத்தார் மேடம். தொடருக்கு 'ஏகாம்பரம் வீடு' என்று பெயர்.

மேடத்தின் அப்பா விழுப்புரத்தில் ரயில்வே கார்டாக இருந்தவர். ரயில்வே காலனியில்தான் மேடம் வளர்ந்தார். ஆனால் ஸ்டூடியோவில் ஊர்வாடை இல்லாத பொதுப் பேச்சுத்தான் பேசுவார். அவர்தான் சேனல்காரர்களிடம், "இந்தக் குடும்பத்துக்கு வீட்ல பேசற பேச்சு வேணும், விழுப்புரம் பேச்சு வைக்கப் போறேன்" என்றார். சேனலில் ஒத்துக்கொள்ளவில்லை. டி.வி.யில் மதுரைப் பேச்சு வரலாம், கோயம்புத்தூர் பேச்சு வரலாம், 'வந்துக்கினு போயிக்கினு' வந்தால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்றார்கள். "சிரிக்கறதுக்குத்தானே எடுத்திருக்காங்க" என்றார் மேடம். அதற்குமேல் வாதாடவில்லை. என்னை ஏகாம்பரமாக்கி முதல் எபிசோடைப் பேசவைத்து அனுப்பிவிட்டார்.

அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதுவரை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் 'இன்னா' என்றால் தலையில் குட்டு விழும். இப்போது டி.வி.யில் ஒருவன் கோட்டு போட்டுக்கொண்டு அதையே பேசினான். திண்டிவனத்தில் 'ஏகாம்பரம் சலூன்' வந்தது. மரக்காணம் கடற்கரையில் ஒரு படகின் மூக்கில் அவன் முகத்தை வரைந்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். "வுடு, பாத்துக்கலாம்" என்ற அவன் வசனத்தை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, பிள்ளைகள் பெற்ற அப்பாவையே ஏகாம்பரம் என்று கூப்பிடுகிறார்கள், இது நல்லதற்கில்லை என்று சேனலுக்குக் கடிதம் எழுதினார். மேடம் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுச் சிரிக்கவில்லை. "அந்தம்மா சொல்றது சரிதான் தாஸ். இதை லேசா எடுத்துக்காதீங்க" என்றார்.

எங்கள் வேலை முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெட்டி மாதிரி ஒரு அறை. சுவரெல்லாம் பஞ்சு. பதிவு ஓடும்போது ஏ.சி.யை நிறுத்திவிடுவார்கள். கஞ்சி போட்ட சட்டை உடுத்தக் கூடாது, சரசரக்கும். வாய் காய்ந்து சப்புக்கொட்டும் ஓசை வராமல் இருக்க மேடம் ஒரு டப்பாவில் ஆப்பிள் துண்டு வைத்திருப்பார். முதலில் படத்தை ஊமையாக ஓட்டுவார்கள். அவன் வாயைத் திறந்து திறந்து மூடுவான், சத்தம் வராது. அதை எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்குப் பழகவில்லை. ஏதோ முக்கியமான விஷயத்தைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்ல முயல்கிறவன் மாதிரியே இருப்பான். அவன் உதடு மூடும் இடத்தில் நம் வசனத்தில் 'ம'வோ 'ப'வோ வர வேண்டும். பிறகு இடது காதில் வெளிநாட்டு நடிகரின் மூலக் குரல், வலது காதில் என் குரல். மூன்று பீப். நாலாவது பீப் விழ வேண்டிய இடத்தில் நான் பேசுவேன்.

மேடம் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். பாராட்டு கிடையாது. சரியாக வந்தால் "வச்சுக்கலாம்" என்பார். சரியில்லை என்றால் எதுவும் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அவ்வளவுதான், மறுபடி பேச வேண்டும். ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பு. கல்யாணம், கடைத்திறப்பு, சொந்தக்காரர் வீடு, எங்கேயும் அந்தக் குரலில் பேசக் கூடாது. "அது உங்க சொத்து இல்ல. ரூமுக்குள்ள வரும், பேசும், அங்கேயே இருக்கட்டும். வெளிய கூட்டிக்கிட்டுப் போகாதீங்க" என்பார். தொழில் கட்டுப்பாடு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

பத்தாவது வருஷமோ என்னவோ, ஒருநாள் இடது காதில் மூலக் குரல் ஒருமாதிரியாக இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை ஒட்டுப்போட்டது போல. மேடத்திடம் கேட்டேன். "அந்த நடிகர் இறந்துட்டார் தாஸ். பழைய எபிசோடுகள்லேர்ந்து வெட்டி ஒட்டியிருக்காங்க. இந்த சீசன் முழுக்க அப்படித்தான்" என்றார். அந்த சீசன் முழுக்க இடது காதில் ஒரு செத்தவர் பேசினார். அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, சிரிக்கும் இடத்தில் சிரித்துவிட்டு நான் ரயிலேறி வந்தேன். என் மனைவி மேரி, "இன்னா, சாப்பாடு எறங்கலயா?" என்று கேட்டாள். "தலைவலி" என்றேன்.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன்.

ஒரு சாயங்காலம் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயசிருக்கும். பெயர் கலியபெருமாள், மினி லாரி ஓட்டுகிறவர். நின்றுகொண்டே பேசினார்.

"அண்ணே, நீங்கதான் ஏகாம்பரத்துக்குப் பேசறவருன்னு சொன்னாங்க. என் தம்பி ஏழுமலை, பாண்டிச்சேரியில ஒரு கம்பெனியில லோடு எறக்கிக்கினு இருந்தான். போன மாசம் வேல முடிஞ்சு வரும்போது ரோட்ல அடிபட்டுப் பூட்டான்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவனுக்கு ஒரு பொண்ணு, பவித்ரா. ஏழு வயசு. அப்பன் ஏகாம்பரம் மாதிரி பேசிக் காட்னாத்தான் சோறு துன்னும். அச்சு அசலா பேசுவான்ணே. கண்ண மூடிக்கினு கேட்டா டி.வி.யான்னு இருக்கும். இப்ப அவ சாப்ட மாட்டேங்குதாம். அப்பா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லி வெச்சிருக்கறோம். தம்பி சம்சாரம் செல்வி கேக்குது, ஒரே ஒரு தடவ போன்ல பேசுவாரான்னு."

மேடம் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். ஒரு தடவைதானே என்று ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பேசினேன். அந்தக் குரலில், "பவி, சாப்ட்டியாம்மா?" என்றேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு சின்னதாக, "சாப்ட்டேன்ப்பா" என்றது. இத்தனை வருஷத்தில் ஏகாம்பரத்தின் பெண்ணுக்கு ஒரு ஐம்பது வயசு அம்மாள்தான் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். நிஜமான ஒரு குழந்தை என்னை அந்தக் குரலுக்காக அப்பா என்று கூப்பிட்டது அன்றுதான்.

ஒரு தடவை என்பது வாரம் ஒரு தடவை ஆகிவிட்டது. செல்வி நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கலியபெருமாளிடம் கொடுத்தனுப்பினார். ஏழுமலை வீட்டில் என்ன பேசுவான், எதற்குச் சிரிப்பான், கோபம் வந்தால் என்ன சொல்வான், எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. மேடம் கொடுக்கும் ஸ்கிரிப்டைவிடத் துல்லியமாக இருந்தது. 'தண்ணி குடிச்சிட்டு ஆங் என்பார்.' 'ரசம் நல்லாருந்தா சொல்ல மாட்டார், இன்னொரு கரண்டி கேப்பார்.' 'என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது கடைசி எழுத்தை இழுப்பார்.' கடைசி வரியை ஏன் எழுதினார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் செல்வியைக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லையே.

நோட்டைப் படித்துவிட்டுப் பேசுவேன். சில வாரங்களில் நோட்டே தேவைப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு ஞாயிறு பவித்ரா, "அப்பா, சைக்கிள் தொடைக்கும்போது ஒண்ணு சீட்டியடிப்பியே, அது அடி" என்றாள். நோட்டில் அது இல்லை. சமாளிக்க ஏதோ ஒன்றைச் சீட்டியடித்தேன். எந்தப் பாட்டும் இல்லை, வாயில் வந்தது. அந்தப் பக்கம் பவித்ரா அல்லாத இன்னொருவரின் மூச்சு பக்கத்தில் கேட்டது. மறுநாள் கலியபெருமாள் போன் செய்து, "அண்ணே, அது எப்டிண்ணே தெரியும் ஒங்களுக்கு?" என்றார். "எது?" என்றேன். "அந்தச் சீட்டி. அவன் அடிக்கறதேதான். செல்வி கேக்கச் சொல்லுச்சு." தற்செயல் என்றேன். எனக்கே அது சமாதானமாக இல்லை. திரும்ப அதே ராகத்தை அடித்துப் பார்க்க முயன்றேன், வரவேயில்லை.

ஒருமுறை விழுப்புரத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு, அந்தக் குடும்பத்தை நேரில் பார்த்து இதை நிறுத்திவிடலாம் என்று பாண்டி ரோட்டில் பஸ் ஏறிக் கண்டமங்கலத்தில் இறங்கினேன். நல்ல வெயில், மதியம் இரண்டு மணி. பவித்ரா பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போனேன். கலியபெருமாள் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "நீங்க பேசுங்கண்ணே" என்று போய்விட்டார். வெளி அறையில் ஒரு நாற்காலி, ஒரு மேஜை. சுவரில் படம் எதுவும் இல்லை. கொடியில் ஒரு ஆம்பளைச் சட்டை ஈரமாகக் காய்ந்துகொண்டிருந்தது. இன்றைக்குத் துவைத்த ஈரம். வாசலில் ஒரு ஜோடி பெரிய செருப்பு, போட்டுக்கொண்டு கிளம்பத் தோதாக வெளிப்பக்கம் பார்த்து வைத்திருந்தது. டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அதில் என் குரல் பேசிக்கொண்டிருந்தது. பழைய எபிசோடு. பார்க்க அங்கே யாரும் இல்லை.

"அம்மா" என்று வாயைத் திறந்தேன்.

உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து உடனே ஒரு குரல் வந்தது. "பேசாதீங்க."

நான் அப்படியே நின்றேன்.

"நீங்க யாருன்னு தெரியும். ஒக்காருங்க. தண்ணி வெச்சிருக்கேன், குடிங்க. ஆனா இந்த வீட்ல உங்க குரல்ல பேசாதீங்க. கையெடுத்துக் கும்புடறேன்."

கதவு அரை அடி திறந்திருந்தது. புடவைத் தலைப்பு தெரிந்தது, முகம் தெரியவில்லை. தண்ணீரைக் குடித்தேன். பவித்ராவின் பள்ளிக்கூட நோட்டு ஒன்றும் பேனாவும் மேஜைமேல் இருந்தன. 'நிறுத்திவிடலாம் அம்மா, பெண்ணுக்கு உண்மையைச் சொல்லுங்கள்' என்று எழுதி, கதவிடுக்கில் நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. வெகுநேரம் டி.வி.யில் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். நோட்டு திரும்பி வந்தது. என் வரிக்குக் கீழே, 'அவ சின்னப் பொண்ணு. தாங்க மாட்டா' என்று எழுதியிருந்தது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். பஸ் வரும்வரை ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேச எனக்கு வரவில்லை. டிக்கெட்டைக்கூட ஒரு விரலைக் காட்டித்தான் வாங்கினேன்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. ஏகாம்பரத்தின் பெண்ணுக்கு அதே ஆறு வயசு. பவித்ராவுக்கு ஒன்பது.

ஒரு புதன்கிழமை மதியம் ஸ்டூடியோவில் சாப்பாட்டு இடைவேளை. தெரியாத நம்பரிலிருந்து போன். எடுத்தேன்.

"ஐயா, நான் பவித்ரா பேசறேன். ஏழுமலை பொண்ணு."

எனக்கு நாக்கு தன்னாலேயே திரும்பியது. "பவி, இன்னாம்மா..." என்று அந்தக் குரலில் ஆரம்பித்தேன்.

"அந்தக் குரல் வேணாங்கய்யா. நீங்க எங்க அப்பா இல்லன்னு தெரியும்."

பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என் குரலில், "எப்பலேர்ந்தும்மா தெரியும்?" என்றேன். என் குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

"மொதல்லேர்ந்தே. அப்பாவைக் கொண்டாந்து போட்டப்போ என்னைப் பக்கத்து வீட்ல வெச்சிருந்தாங்க. நான் செவுத்து மேல ஏறிப் பாத்தேன். மூஞ்சியெல்லாம் துணி சுத்தியிருந்துது. காலைப் பாத்தேன். கட்ட வெரல்ல நகம் இல்ல. எங்க அப்பாதான்."

"அப்புறம் ஏன்ம்மா வாராவாரம் எங்கிட்ட..."

"அம்மா பின்னாடி நின்னுக்கினு கேக்கும். ஞாயித்துக்கெழம ஆனா தலைக்குக் குளிச்சிட்டுப் பூ வெச்சிக்கும். ரெண்டு தட்டு கழுவி வெக்கும். நான் பேசலன்னா அதுக்கு யாரு பேசறது?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பெரியப்பா சொல்லிப் பாத்துட்டாரு. ஆயா சொல்லிப் பாத்துச்சு. அன்னைக்குக் கொண்டாந்தது வேற யாரோன்னுது அம்மா. மூஞ்சிய யாரு பாத்தீங்கன்னுது. இப்ப ரெண்டு மாசமா தெனம் சாயந்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்னுக்கினு வருது. அவருதான் போன் பண்றாரே, வந்துடுவாருன்னுது."

"நான் இன்னாம்மா பண்ணட்டும்?"

அவள் இதை யோசித்து வைத்துக்கொண்டுதான் பேச வந்திருந்தாள்.

"அப்பா செத்துட்டாருன்னு நீங்களே சொல்லிடுங்க. உங்க குரல்ல இல்ல. அப்பா குரல்ல. வேற யாரு சொன்னாலும் அம்மா நம்பாது."

போனை வைத்த பிறகு நான் எழுந்துபோய் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வருஷமாக அவர் விதியை மீறியிருக்கிறேன். வேலை போகும் என்றே நினைத்தேன். மேடம் கேட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு இருபது வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் விழுப்புரத்துப் பேச்சில் பேசினார்.

"இன்னா காரியம் பண்ணிக்கினு வந்திருக்கே தாஸு. அந்த ஆளைப் போக வுடாம வாசல்லயே நிக்க வெச்சிருக்கியே."

தலையைக் குனிந்துகொண்டேன். அவரே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி" என்றார். "நீ ஆரம்பிச்சது, நீதான் முடிக்கணும். எழுதி வெச்சுக்கினு படிக்காதே. சின்னச் சின்னதா பேசு. ஒரு வார்த்த சொல்லிட்டு அந்தம்மா பேசற வரைக்கும் காத்துக்கினு இரு. நடுவுல பூராதே. தெரியாததைத் தெரியும்னு சொல்லாதே. அழுவாதே. நீ அழுதா அது உன் அழுக, அவருது இல்ல."

அந்த ஞாயிறு மேரியைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஃபேனை நிறுத்தினேன். பழக்கம். நாலு மணிக்குப் போன் போட்டேன். பவித்ரா எடுத்தாள். "அப்பா" என்றாள். குரலில் வழக்கத்தைவிட ஒன்றும் வித்தியாசமில்லை.

"அம்மாகிட்ட குடும்மா" என்றேன்.

இரண்டு வருஷத்தில் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. போன் கை மாறவில்லை. பவித்ராதான் பிடித்திருந்தாள், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் என்று ஓசையில் தெரிந்தது. டி.வி. ஓடும் சத்தம் வந்தது. யாரோ போய் அதை அணைத்தார்கள். வளையல் சத்தம் கிட்டே வந்தது.

"செல்வீ" என்றேன். கடைசி எழுத்தை இழுத்தேன்.

மூச்சு மட்டும்.

"செல்வீ, நான் செத்துட்டேன்."

இதுதான் அந்த வசனம். இதைச் சொன்னபோது என் தொண்டையில் எதுவும் அசைந்த மாதிரி இல்லை. என் பின்னாலிருந்து வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. மேடம் சொன்னபடி காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெளியே தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போய், தெருக்கோடி திரும்பி, சத்தம் தேய்ந்து நின்றது.

"எப்போ?" என்றார் செல்வி.

"ரெண்டு வருஷம் ஆச்சு. வேல முடிஞ்சு வரும்போது. ரோட்ல."

மறுபடி காத்திருந்தேன்.

"வலிச்சுதா?"

இது எந்த நோட்டிலும் இல்லை. இல்லை என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. "தெரியல, செல்வீ" என்றேன்.

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும். மொதல்லேர்ந்தே தெரியும்."

அப்போதுதான் அழுகை கேட்டது. தாயா மகளா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. நான் நடுவில் புகவில்லை. அடங்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் செல்வி மூக்கை உறிஞ்சிவிட்டு, பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்வதைப் போலச் சொன்னார்:

"சரி. போயிட்டு வான்னு சொல்ல மாட்டேன். போய்யா."

நான் போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் எனக்கு ஏகாம்பரத்தின் குரல் வரவில்லை. பீப் அடிக்கும், வாயைத் திறப்பேன், என் குரல்தான் வரும். மேடம் ஒன்றும் கேட்கவில்லை. பழைய எபிசோடுகளை மறுஒளிபரப்பு செய்யச் சொல்லிவிட்டு, தினமும் என்னை வரவழைத்து, ஊமையாக ஓடும் படத்தைப் பார்க்க வைத்தார். ஆறாவது வாரம் ஒருநாள் அவன் வாய் திறந்தபோது, "வுடு, பாத்துக்கலாம்" என்று வந்தது. "வச்சுக்கலாம்" என்றார் மேடம். அதன் பிறகும் நான்கு வருஷம் பேசினேன்.

செல்வியும் பவித்ராவும் நாலு மாதம் கழித்துத் திண்டிவனத்துக்கு வந்தார்கள். எங்கள் வீட்டைக் கலியபெருமாள் காட்டியிருக்கிறார். ஒரு பை நிறைய மல்லாட்டை கொண்டுவந்திருந்தார்கள். செல்வியின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. மேரி டீ போட்டுக் கொடுத்தாள். நான் பேசலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"பேசுங்கண்ணே" என்றார் செல்வி.

"நல்லாருக்கீங்களாம்மா?" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க குரலு வேற மாதிரிதான் இருக்குது" என்றார். அதில் ஏமாற்றம் இல்லை, நிம்மதி இருந்தது என்று நினைக்கிறேன். வருஷத் திதி கொடுத்ததைச் சொன்னார். பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போவதைச் சொன்னார். கிளம்புகிற நேரத்தில், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

"அன்னைக்கு போவும்போது அவரு சொன்னாரில்ல, அதும்படியே ஆளக் கூப்ட்டுப் பிரிச்சுப் பாத்தோம்ணே."

"எதைம்மா?"

"உள் ரூம்ல, பொண்ணு படுக்கற எடத்துக்கு மேல. ஓட்டுக்கு அடியில தாங்கற வாரைக் கட்ட உளுத்துப் போய்க் கெடக்குது, மழைக்கு முன்ன மாத்திடுன்னு சொன்னாரே. கொத்தனாரு கை வெச்சதும் பொடிப்பொடியா கொட்டுச்சு. இன்னும் ஒரு மழ பேஞ்சிருந்தா மொத்தமும் அவ மேல எறங்கியிருக்கும்னாரு."

அந்த உள்ளறைக்குள் நான் போனதில்லை. அவர் "போய்யா" என்றதும் நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பவித்ராவைப் பார்த்தேன். அன்றைக்குப் போனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன். "சொன்னாரு."